வீட்டுவிளையில் யானைக்கொம்பன் வெண்டை

நாட்டு வெண்டை போட்டால் நோயே வராது என்று சொல்லித்தான் பலரும் விதை விற்கிறார்கள். அது சரியில்லை. எங்கள் வீட்டுவிளையில் (வீட்டை ஒட்டிய தோட்டத்தில்) இந்த வருஷம் யானைக்கொம்பனும் சிவப்பு வெண்டையும் நின்றன. இரண்டிலும் மஞ்சள் தேமல் வந்தது. ஆனாலும் அடுத்த தடவையும் இதைத்தான் போடப் போகிறேன். அந்தக் காயைத் தின்றவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. செம்மண்ணும் சரளைக் கல்லும் கலந்த நிலம், சுற்றிலும் தென்னை. வெண்டைக்கு நல்ல வெயில் வேண்டும். தென்னை நிழல் விழாத இடம் என்று பார்த்தால் கிணற்றுக்குத் தெற்கே ஒரு துண்டுதான் மிஞ்சியது. சரளை மண்ணில் தண்ணீர் நிற்காது. அதனால் சாணிப்பொடியும் அடுப்புச் சாம்பலும் போட்டுக் கொத்தி, செடி வந்த பிறகு தூரைச் சுற்றிக் கதம்பையை (தேங்காய் மட்டையை) பரப்பினேன். மண் ஈரம் காய்வது நன்றாகவே குறைந்தது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நம்ம மாவட்டத்தில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஜூனிலேயே பிடித்துக்கொள்ளும். நனைந்து கிடக்கிற மண்ணில் வெண்டை விதை அழுகிப் போகும். மழை கொஞ்சம் அடங்கிய பிறகு, ஆடிக் கடைசியில் ஊன்றினேன். விதையை ஒரு ராத்திரி ஊற வைத்து, குழிக்கு இரண்டாகப் போட்டு, முளைத்ததும் நல்லதை மட்டும் விட்டேன். ஒட்டு வெண்டைக்கு ஓரடி இடைவெளி போதும். யானைக்கொம்பன் ஆளுயரத்தைத் தாண்டும், பக்கக் கிளையும் விடும், இரண்டடி கொடுத்துவிடுங்கள். காற்றுக்குச் சாயாமல் கமுகு வாரி (பாக்கு மரத்தைப் பிளந்த கம்பு) நட்டுக் கட்டினேன். காற்று பலமாக அடிக்கிற ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் என்றால் இன்னும் பலமாகக் கட்ட வேண்டும்.

பூக்கக் கொஞ்சம் சுணக்கம்தான். பக்கத்து வீட்டு அக்கா மதில் வழியே பார்த்து, "இது காய்க்குமா மக்ளே, இல்ல வெறும் செடியா?" என்று கேட்கும் அளவுக்கு. பூ காலையில் விரியும்: வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. மத்தியானத்துக்கு மேல் வாடிவிடும். பூத்த ஒரு வாரத்துக்குள் காயைப் பறித்துவிட வேண்டும்.

கடையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துத்தானே வாங்குவோம்? வடசேரிச் சந்தையில் இந்த நீளத்துக் காயை யாராவது நீட்டினால் முற்றல் என்று தள்ளிவிடுவோம். யானைக்கொம்பன் ஒரு சாணுக்கு மேல் போன பிறகும் 'டக்'கென்று ஒடிகிறது. வெளிறிய பச்சை, லேசான வளைவு, எடுப்பான வரம்புகள், மேலே பூனைமுடி போல் மெல்லிய சுணை. ஆனால் இரண்டு நாள் அசந்தால் போச்சு, கத்திக்கு நார் இழுக்கும். சிவப்பு வெண்டை சட்டியில் ஏறியதும் பச்சையாகிவிடும். சமைக்காமல் இருக்கும்போதுதான் அந்தச் சிவப்பு அழகெல்லாம். ருசிக்கு என் ஓட்டு யானைக்கொம்பனுக்கு. வட்டமாக நறுக்கி, எண்ணெயில் நன்றாக வதக்கி, தயிரும் தேங்காய்-கடுகு அரைப்பும் சேர்த்துக் கிச்சடி வைத்தால் வழவழப்பே தெரியாது. வறுத்த தேங்காய் அரைத்து வைக்கிற தீயலுக்கும் ஏற்றது.

தேமலுக்கு வருவோம். முதலில் இலை நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை போலத் தெரியும், அப்புறம் இலை முழுவதும் வெளுக்கும், காயும் வெளிறிச் சிறுத்துவிடும். இது வைரஸ், பரப்புவது வெள்ளை ஈ. வந்த செடிக்கு மருந்து இல்லை, பார்த்த உடனே பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் வழி. மற்ற செடிகளுக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலைக்கு அடியில் படும்படி அடித்தேன். மஞ்சள் ஒட்டு அட்டையும் கட்டினேன். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா அனாமிகாவுக்கு இந்த நோயைத் தாங்கும் குணம் காட்டு வெண்டை இனத்தோடு கலந்துதான் வந்தது. எதிர்ப்பு மட்டும்தான் வேண்டும் என்றால் அந்த மாதிரி ரகம் போடலாம், தப்பில்லை.

விதை எடுப்பதுதான் நம்ம ஊரில் பெரும்பாடு. வெண்டை தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீ சும்மா இருக்காது. இரண்டு ரகம் பக்கத்தில் நின்றால் கலந்துவிடும். நாளைக்கு விரியப் போகிற மொட்டைச் சாயங்காலமே மெல்லிய துணியால் மூடிக் கட்டி, பூ வாடியதும் அவிழ்த்து, அந்தக் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன். விதைக்காய் நிற்கிற செடியில் புதுக்காய் குறையும். அதற்கென்று நோயில்லாத ஒரு செடியை ஒதுக்கிவிடுவது மேல். காய் செடியிலேயே காய்ந்து வரம்போரம் வெடிக்க வேண்டும், ஆனால் ஐப்பசி மழை அதற்கு விடுமா? பழுப்பு ஏறியதும் காம்போடு நறுக்கி, அடுக்களைப் பரணில் கட்டித் தொங்கவிட்டேன். உலர்ந்த விதையைச் சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் போட்டாயிற்று. மாசியில் கொஞ்சம் ஊன்றிப் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் வெள்ளை ஈ கூடும், ஒட்டு அட்டையை முளைத்த உடனேயே கட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.