ஒரு கை எப்போதும் குழந்தையின் மேல்

குழந்தைகள் காப்பகம் ஒன்றின் கைக்குழந்தைகள் பிரிவில் நான் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். சேர்ந்த அன்றைக்கே, அங்கு மூத்தவராக இருந்த அக்கா எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். டயப்பர் மாற்றும் மேசையில் குழந்தையைப் படுக்க வைத்த கணம் முதல் தூக்கி எடுக்கும் கணம் வரை என் ஒரு கை அதன் உடலைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடம். எல்லா வேலையையும் மற்றொரு கையால் செய்யப் பழகுவது தொடக்கத்தில் கடினமாக இருந்தது. ஒரு முறைகூடக் குப்புறக் கவிழ்ந்திராத குழந்தைக்கும் இவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமா என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. ஒரு நாள், நான்கு மாதம் முடிந்திருந்த ஒரு பெண் குழந்தை, துடைக்கும் துணியை எடுக்க நான் கழுத்தைத் திருப்பிய நொடியில், தன் வாழ்நாளில் முதல் முறையாகப் புரண்டது. மேசையின் விளிம்பை நோக்கித்தான் புரண்டது. என் இடது கை அதன் வயிற்றின் மேல் இருந்ததால் அங்கேயே நின்றது. அன்றிரவு படுத்த பின்பும், என் உள்ளங்கையை அந்தச் சிறிய உடல் அழுத்திய உணர்வு போகவில்லை.

குழந்தைக்குப் புதிய திறமை எந்த நாளில் வாய்க்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நேற்று வரை வைத்த இடத்திலேயே கிடந்த குழந்தை இன்று புரள்கிறது. நேற்று வரை மேசையின் ஓரத்தை எட்டாத விரல்கள் இன்று எட்டிவிடுகின்றன. ஆகவே, குழந்தையால் அடுத்து என்ன செய்ய முடியும் என்பதை நினைத்தே நம் ஏற்பாடுகள் அமைய வேண்டும். நான் கண்டவரையில், விபத்து நேரும் வீடுகளில் அன்பும் அக்கறையும் குறைவாக இருந்ததில்லை. துண்டை எடுத்து வரவும், கதவைத் திறக்கவும், அடுப்பை அணைக்கவும் ‘ஒரு நிமிடம்தானே’ என்று நகர்ந்த இடைவெளியில்தான் அவை நேர்ந்திருக்கின்றன. மாற்று உடை, துணி, டயப்பர் எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் குழந்தையைக் கிடத்துவதும், ஏதேனும் விட்டுப்போயிருந்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டே போய் அதை எடுத்து வருவதும் அந்த இடைவெளியை அடைக்கும் எளிய வழிகள்.

தூக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் பெற்றோர் என்னிடம் மிகுதியாகக் கேட்டதும், மிகுதியாக மறுத்துப் பேசியதும் இதைப் பற்றித்தான். ஓராண்டு நிரம்பும் வரை, பகல் தூக்கமானாலும் இரவுத் தூக்கமானாலும், குழந்தையை மல்லாத்தியே படுக்க வைக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. குழந்தை மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், கக்கியது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் செல்வது அரிது. குப்புறப் படுத்தால்தான் இந்த வரிசை தலைகீழாகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-ல் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 1994-ல் அது நாடு தழுவிய பிரச்சாரமாக விரிந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் அந்நாட்டில் தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. விலையில்லாத, கருவி ஏதும் தேவைப்படாத ஒரு மாற்றம் இத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது என்பதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

படுக்கை உறுதியாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும்; தலையணை, தளர்ந்த போர்வை, பஞ்சு பொம்மை, கட்டிலின் ஓரத்தில் கட்டும் மெத்தைத் திண்டு ஆகிய எதுவும் அதில் இருக்கக் கூடாது. வெறுமையாகத் தோன்றும் அந்தக் கட்டில்தான் பாதுகாப்பான கட்டில். முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனக்கென உள்ள படுக்கையில் உறங்குவது நல்லது. குழந்தையை மார்பில் சாய்த்துக்கொண்டு சோபாவில் கண்ணயர்வது மிகவும் ஆபத்தானது என்பதைக் களைத்துப்போன பெற்றோரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். கார் இருக்கையில் உறங்கிவிட்ட குழந்தையைப் பயணம் முடிந்ததும் சமதளப் படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும், ஏனெனில் தலை முன்னால் சாய்ந்து முகவாய் மார்பில் படிந்தால் மூச்சுப்பாதை மடங்கி அடைபடக்கூடும். குழந்தைக்கு வெப்பம் கூடுகிறதா என்பதைப் பிடரியிலோ மார்பிலோ தொட்டுப் பார்த்து அறியலாம். கைகால்கள் இயல்பாகவே குளிர்ந்திருக்கும். எங்கள் காப்பகத்தில், உறங்கும் குழந்தைகளை 10 நிமிடத்துக்கு ஒரு முறை அருகில் சென்று, மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்து, நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதுவோம்.

விழித்திருக்கும் நேரத்தில் நிலைமை வேறு. அப்போது, நாம் அருகில் அமர்ந்திருக்க, குழந்தை குப்புறக் கிடந்து பழக வேண்டும். இன்னும் தவழத் தொடங்காத குழந்தைக்கு நாள் முழுவதும் பகிர்ந்து குறைந்தது 30 நிமிடமாவது இது தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தலையை நிமிர்த்தி ஆடும் குழந்தையைச் செங்கீரைப் பருவம் என்று ஐந்தாம் மாதத்தில் வைத்துப் பாடிய நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று, தரையில் குழந்தைகளுடன் அமர்ந்திருந்த வேளைகளில் நான் வியந்ததுண்டு. அதே நிறுவனம், ஓராண்டுக்கும் குறைவான குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்றும், தள்ளுவண்டியிலோ உயர்நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கட்டி வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சக்கரம் பொருத்திய நடைவண்டியில் குழந்தையை உட்கார வைப்பதை நான் அடியோடு மறுக்கிறேன். அது நடக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. படிக்கட்டுக்கும் சூடான பாத்திரத்துக்கும் குழந்தையை விரைவாகக் கொண்டு சேர்க்கிறது. கனடா அதன் விற்பனையை 2004-ல் தடை செய்தது.

ஊட்டும் வேளையில் அவசரம் காட்டக் கூடாது. முதல் ஆறு மாதம் பால் ஒன்றே போதும், தண்ணீரும் தேவையில்லை. ஓராண்டு நிறையும் வரை தேன் ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அதில் இருக்கக்கூடிய போட்டுலினம் கிருமியின் வித்துகள் முதிராத குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். திட உணவு தொடங்கிய பின் நான் மிகவும் அஞ்சியது புரையேறி மூச்சடைப்பதற்குத்தான். முழு திராட்சை போன்ற உருண்டையான, வழுக்கும் பொருள் ஒரு குழந்தையின் மூச்சுப்பாதையைத் தக்கை வைத்தது போல் அடைத்துவிடும். அதை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுக்க வேண்டும், குறுக்கே இரண்டாக நறுக்கினால் உருண்டை வடிவம் மாறுவதில்லை. முழுக் கொட்டைகளை நான்கு வயது வரை தவிர்க்க வேண்டும். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும். ஓடும்போதும் சிரிக்கும்போதும் அழும்போதும் வாயில் உணவு இருக்கக் கூடாது.

இங்கே ஒரு வேறுபாட்டை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். புதிய உணவைச் சுவைக்கும் குழந்தை குமட்டினால் ஓசை வரும், முகம் சிவக்கும், இருமும். அது தன்னைத் தானே காத்துக்கொள்கிறது, அதை நம் கண் முன்னால் இருமவிட வேண்டும். உண்மையான மூச்சடைப்பில் ஓசையே வராது. அழ முயன்றும் குரல் எழாத, உதடு நீலம் பாயத் தொடங்கும் குழந்தைக்கு அந்த நொடியே உதவி தேவை. அடுத்த அறையில் இருப்பவரின் காதுக்கு எதுவும் எட்டாது என்பதால், உண்ணும் குழந்தையின் எதிரில் ஒருவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஓராண்டுக்கும் குறைவான குழந்தையாயின், தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையின் மேல் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். பொருள் வெளிவராவிட்டால் மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியால் 5 முறை அழுத்த வேண்டும். அது வெளிவரும் வரையிலோ குழந்தை நினைவிழக்கும் வரையிலோ இதையே மாறி மாறிச் செய்ய வேண்டும், அதே வேளையில் இன்னொருவர் அவசர உதவியை அழைக்க வேண்டும். நினைவிழந்தால் உடனே இதய நுரையீரல் மீட்பு (சி.பி.ஆர்.) முதலுதவியைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக் கூடாது. படித்து அறிவதோடு நில்லாமல், முதலுதவிப் பயிற்சியில் பொம்மையின் மேல் ஒரு முறையாவது இதைச் செய்து பழகுங்கள். என் கைகளுக்கு வந்த துணிவு அந்தப் பயிற்சியில்தான் வந்தது.

பொத்தான் வடிவப் பேட்டரியைக் குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று ஐயம் எழுந்தாலே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி 2 மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். பொம்மை, தொலையியக்கி, எடைக்கருவி என அது இருக்கும் பொருள்களின் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

குளியலில் சொல்ல வேண்டியவை சில. வெந்நீருக்கு முன் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும், கலந்த நீரை முழங்கையால் சோதிக்க வேண்டும், 37 டிகிரி செல்சியஸ் அளவு போதுமானது. சில அங்குல நீரிலும் குழந்தை ஓசையின்றி மூழ்கிவிடும் என்பதால் வாளியையும் தொட்டியையும் உடனே காலி செய்ய வேண்டும். குளிக்கும் குழந்தையை அதன் அண்ணனிடமோ அக்காவிடமோ ஒப்படைத்துவிட்டுப் போகக் கூடாது. சூடான தேநீரை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் ஏந்தக் கூடாது. ஊற்றி 15 நிமிடம் ஆன தேநீரும் அந்தத் தோலைச் சுடும். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டியும் எண்ணெயும் பற்பசையும் வேண்டாம்.

ஒரு குழந்தையைப் பலர் சேர்ந்து பார்த்துக்கொள்ளும்போது தகவல் கைமாறுவதும் பராமரிப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. காய்ச்சல் மருந்தைக் காலையில் தாய் கொடுத்திருப்பார். அதை அறியாத பாட்டி ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுத்துவிடுவார். எங்கள் குறிப்பேட்டில் பால், தூக்கம், மருந்து, சிறுநீர், மலம் என ஐந்து பத்திகள் இருந்தன. அவற்றில் சிறுநீர்ப் பத்தி பல நாள் எங்களுக்கு வழிகாட்டியது. வழக்கமாக ஆறு முறைக்கு மேல் டயப்பரை நனைக்கும் குழந்தை மதியம் வரை ஒரு முறையே நனைத்திருந்தால், உடலில் நீர் குறைகிறது என்று அறிந்து பெற்றோரை அழைப்போம். மூன்று மாதத்துக்கும் குறைவான குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், மற்றபடி நன்றாகத் தோன்றினாலும், காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

அழுகையைப் பற்றிப் பேசப் பலர் கூச்சப்படுகிறார்கள். பிறந்த சில வாரங்களில் அதிகரிக்கத் தொடங்கும் அழுகை, ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதத்தில் தணிகிறது. பசி, ஈரம், காய்ச்சல் என எல்லாவற்றையும் பார்த்த பிறகும் நிற்காத அழுகை ஒருவரின் பொறுமையைக் கரைத்துவிடும். குழந்தையைக் குலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசிந்து வாழ்நாள் ஊனமோ மரணமோ நேரலாம்; சில நொடிக் குலுக்கலே போதும். பொறுமை தீர்ந்துபோகிறது என்று உணர்ந்தால், குழந்தையை அதன் கட்டிலில் மல்லாத்திக் கிடத்திவிட்டு, கதவுக்கு வெளியே சில நிமிடம் நின்று மூச்சை ஆற்றிக்கொள்ளுங்கள். ‘அக்கா, இவளைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று நான் பல முறை கேட்டிருக்கிறேன். அவர் ஒரு முறையும் காரணம் கேட்டதில்லை.

இத்தனை காவலும் எதற்காக என்பதை எனக்கு உணர்த்தியவர் ஹங்கேரிக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946-ல், புடாபெஸ்ட் நகரின் லோட்ஸி தெருவில் பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளுக்காக அவர் ஓர் இல்லம் தொடங்கினார். குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் ஊட்டுவதும் விரைந்து முடிக்க வேண்டிய வேலைகள் அல்ல, குழந்தையும் பெரியவரும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் நேரங்கள் என்று அவர் தம் பணியாளர்களைப் பழக்கினார். தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறோம் என்று குழந்தையிடம் சொல்ல வேண்டும், சொன்ன பின் அது மறுமொழி காட்டும் வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்க உளவியலர் எட்வர்டு ட்ரானிக் 1970-களில் செய்த ஆய்வில், தாய் சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருந்தபோது, கைக்குழந்தை முதலில் சிரித்தும் கைநீட்டியும் அவளை அழைக்க முயன்று, பிறகு கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது. டயப்பர் மாற்றும்போது கைப்பேசியைப் பார்த்திருக்கும் முகத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தை நினைவுக்கு வருகிறது.

ஐந்து மாதத்தில் எங்களிடம் வந்த ஒரு பையனுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு முறை, ‘கண்ணா, இப்போது காலைத் தூக்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தே காலைத் தூக்குவேன். வாரக்கணக்கில் அவனிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் இரண்டு கால்களையும் உயர்த்தி, அப்படியே நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தான். வழக்கம்போல் அவன் வயிற்றின் மேல் இருந்த என் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.