கண்ணாடியில் பின்னிய கூடை

நண்பன் வீட்டு ஷோகேஸில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய் நின்றிருந்தது. லேசாக வளைந்து, வாயை வலைபோட்டு மூடியிருந்தது. நூலில் பின்னிக் கஞ்சி போட்டு நிமிர்த்திய கைவேலை என்று நினைத்துக் கையை நீட்டினால், "தொடாதடா, கண்ணாடி, பிலிப்பைன்ஸ்ல வாங்கினது" என்று கத்தினான்.

கடற்பஞ்சாம். வீனஸ் பூக்கூடை என்பார்கள். யூப்லெக்டெல்லா ஆஸ்பர்கில்லம் என்று 1841-இல் அறிவியல் பெயர் வைத்தவர் ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன். கடற்பஞ்சு விலங்குதான், ஆனால் வாய், வயிறு, மூளை எதுவும் கிடையாது. சுவர் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், அதிலிருக்கும் பாக்டீரியாவையும் துணுக்குகளையும் வடிகட்டிக்கொண்டு மிச்சத்தை மேலே இருக்கும் சல்லடை வழியாக வெளியே விட்டுவிடும், அவ்வளவுதான் சாப்பாடு. ஷோகேஸில் இருப்பது எலும்புக்கூடு மட்டும். உயிரோடு இருக்கும்போது இதன்மேல் மெல்லிய சதை போர்த்தியிருக்கும்.

அந்தக் கூடு முழுக்க சிலிக்கா, அதாவது கண்ணாடிக்கு மூலமான பொருள். நெடுக்கும் குறுக்கும் ஓடும் கம்பிகள் சதுரங்களாகின்றன, அதன்மேல் மூலைவாட்டில் ஜோடி ஜோடியாகக் கம்பிகள் ஓடி சதுரங்கப் பலகை மாதிரி ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தை அடைக்கின்றன, போதாததற்கு வெளிப்பக்கம் சுருள் சுருளாக வரம்பு வேறு. பிரப்பங்கூடை முடைபவர் பார்த்தால் ஒப்புக்கொள்வார், வேலை தெரிந்த கை என்று. ஒவ்வொரு கம்பியும் வெங்காயம்போல அடுக்கடுக்கானது. அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய புரதப் படலம் இருப்பதால் விரிசல் விழுந்தாலும் சட்டென்று உள்ளே ஓடாது. நாம் கண்ணாடி செய்ய ஆயிரம் டிகிரிக்கு மேல் உலை மூட்டுகிறோம், இது குளிர்ந்த கடல்நீரிலேயே செய்துவிடுகிறது!

இருப்பது மேற்குப் பசிபிக்கில், பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கம், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துச் சேற்றில். சேற்றில் எப்படி நிற்கும்? அடியில் தலைமுடி கனத்தில் ஒரு கற்றை கண்ணாடி இழை, அதுதான் வேர் மாதிரி பிடித்துக்கொள்கிறது. அந்த இழைகள் ஆப்டிகல் ஃபைபர் போல ஒளியைக் கடத்தும் என்று 2003-இல் விஞ்ஞானி ஜோனா ஐசன்பெர்க்கின் குழு காட்டியது. அந்த இருட்டில் எதற்கு என்று கேட்காதீர்கள்.

அப்புறம் இறால் கதை. குஞ்சாக உள்ளே நுழையும் ஒரு ஜோடி, வளர்ந்தபின் வெளியேற முடியாமல் ஆயுளுக்கும் அங்கேயே. குஞ்சுகள் மட்டும் ஓட்டை வழியே தப்பிக்கும். ஜப்பானில் இதைத் தாம்பத்தியத்தின் அடையாளமாகக் கல்யாணப் பரிசாகக் கொடுப்பார்களாம். எனக்கென்னவோ அது ஜெயில் மாதிரிதான் படுகிறது.

சரி, பார்த்துவிடுவோம் என்று இருவரும் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தோம். இறால் இல்லை. அடியில் கொஞ்சம் தூசி, ஒரு எறும்பு.