விண்கல் விளையாட்டு: ஜாவா நாட்குறிப்பு

ஜூன் 3

ஜாவாவில் எழுதும் விண்கல் விளையாட்டில் கப்பல், விண்கல், குண்டு என்று இப்போதைக்கு மூன்று கிளாஸ் (ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பு). (யூனிகோடு எழுத்துகளை ஜாவா ஏற்பதால் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன்.) மூன்றிலும் நகர்() மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் செயல்) வரிக்கு வரி ஒன்றுதான்: இருக்கும் இடத்தோடு வேகத்தைக் கூட்டு. ஆட்டத்தை ஓட்டும் டைமர் தாமதமாகத் தட்டினாலும் ஓட்டம் தடுமாறாமலிருக்க வேகத்தைக் கடந்த நேரத்தால் பெருக்க வேண்டும். ஒரே திருத்தத்துக்கு மூன்று ஃபைலைத் திறக்க வேண்டியிருக்கிறது. நாளை பறக்கும் தட்டு வந்தால் நான்கு.

ஜூன் 4

பறக்கும்பொருள் என்று ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் (நேரடியாகப் பொருள் உருவாக்க முடியாத பொது வார்ப்பு) எழுதி இடம், வேகம், நகர்() மூன்றையும் அதில் வைத்தாயிற்று. மற்றவை அதை எக்ஸ்டெண்ட் செய்கின்றன, அதாவது அதன் பிள்ளைகளாகி அதில் உள்ளதைப் பெறுகின்றன. உருவம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் வரை() மட்டும் அப்ஸ்ட்ராக்ட்: பெயர் இங்கே, உள்ளடக்கம் ஒவ்வொரு பிள்ளையிலும்.

உண்மையான லாபம் கேம் லூப்பில் (ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப நகர்த்தும் சுற்றில்) தெரிகிறது. 16 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஸ்விங் (ஜாவாவின் திரை நூலகம்) டைமர் தட்டும்போது ஒரே அரேலிஸ்டை (பொருள்களின் பட்டியலை) சுற்றிவந்து எல்லாவற்றுக்கும் நகர்() சொன்னால் போதும். எது கப்பல், எது கல் என்று கேட்க ஓர் இஃப் கூட இல்லை. எனக்கு ஜாவாவில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கப்பல் மட்டும் திரை ஓரத்தில் நிற்க வேண்டும். அங்கே ஓவர்ரைடு, அதாவது பெற்றோரின் மெத்தடைப் பிள்ளை தன் போக்கில் மாற்றி எழுதுவது: முதலில் சூப்பர் என்ற சொல் வழியாகப் பெற்றோரின் நகர்(), பிறகு ஓரத்தில் பிடித்து நிறுத்த இரண்டு வரி. மேலே @ஓவர்ரைடு போடுவதை விடவே கூடாது. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் (நிரலை மொழிபெயர்க்கும் கருவி) பிடித்துக் கொடுத்துவிடும். அது இல்லையென்றால் பிசகிய பெயரில் புது மெத்தட் உருவாகி, யாரும் கூப்பிடாமல் கிடக்கும்.

ஜூன் 7

மோதல். பின்னணி நட்சத்திரம் நகரும், மோதாது. சுவர் மோதும், நகராது. ஒரு கிளாஸுக்கு ஒரே பெற்றோர்தான் என்பதால் இதைப் பரம்பரையில் அடக்க முடியாது. மோதக்கூடியது என்று ஓர் இன்டர்ஃபேஸ் (எந்த கிளாஸும் ஏற்கக்கூடிய மெத்தட் ஒப்பந்தம்) வைத்தேன். எல்லை() பொருளைச் சுற்றிய ஒரு ரெக்டாங்கிளை (செவ்வகத்தை) தர வேண்டும். மோதுகிறதா() டிஃபால்ட் மெத்தடாக, உள்ளடக்கத்தோடு இன்டர்ஃபேஸுக்குள்ளேயே இருக்கிறது. 2014இல் ஜாவா 8 தந்த வசதி இது. இன்டர்ஃபேஸுக்கு ஆப்ஜெக்டுக்கென்று தனி மாறிகள் கிடையாது. அதனால்தான் எல்லையைக் கேட்டு வாங்குகிறது.

ஜூன் 8

அடிபட்ட கல்லை ஃபார் சுற்றின் நடுவில் லிஸ்டிலிருந்து எடுக்கக் கூடாது, எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை முறிக்கும் பிழை) வரலாம். சுற்று முடிந்ததும் ரிமூவ்இஃப் (நிபந்தனைக்குப் பொருந்துவதை லிஸ்டிலிருந்து நீக்கும் மெத்தட்).

ஜூன் 10

கப்பல் சுட்டால் குண்டு, எல்லாப் பொருள்களின் லிஸ்டை வைத்திருக்கும் ஆட்டக்களம் என்ற கிளாஸின் லிஸ்டில் சேர வேண்டும். கப்பலுக்குள் 'நியூ ஆட்டக்களம்()' எழுதினால் வேறொரு களம் பிறந்து, குண்டுகள் அதன் லிஸ்டில் போய்ச் சேரும். திரையில் எதுவும் தெரியாது. லிஸ்டை ஸ்டாட்டிக் ஆக்கி எல்லாக் களங்களுக்கும் பொதுவாக்கினால் வேலை நடக்கும், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு களம் வைக்க முடியாது. இருக்கிற களத்தையே கன்ஸ்ட்ரக்டர் (பொருளை உருவாக்கும்போது ஓடும் பகுதி) வழியாகக் கப்பலிடம் கொடுப்பதுதான் சரி. அதிலும் குண்டுசேர்() மட்டும் உள்ள இன்டர்ஃபேஸாகக் கொடுத்தேன். ஸ்கோரைக் கப்பல் தொட வழியில்லை. பறக்கும் தட்டும் இதே வழியில் சுடப்போகிறது.