கிளாவே புரண்டால் கால் தடுமாறும்

நடனப் படத்துக்கு சல்சா இசை வேண்டுமென்றால் கொழும்பில் பலர் முதலில் தேடுவது ட்ரம்பெட்டை. தேடவேண்டியது கிளாவேயை, அதாவது பாட்டு முழுவதையும் தாங்கும் தாளக் கோலத்தை. இரண்டு பாருக்குள் (சல்சாவில் ஒரு பார் என்றால் நான்கு அடி) ஐந்து தட்டு: 16 கட்டமாகப் பிரித்தால் 1, 4, 7, 11, 13. மூன்றாவது தட்டை 8க்குத் தள்ளினால் ரும்பா கிளாவே. ஒரே ஒரு கட்டம்தான், நிறமே மாறிவிடும்.

பிழை பெரும்பாலும் எடிட்டிங்கில்தான் நுழைகிறது. காட்சி நீளமென்று ஒற்றைப் பாரை வெட்டினால் மூன்று தட்டுப் பாரும் இரண்டு தட்டுப் பாரும் இடம் மாறி, கிளாவே புரண்டு, பியானோ ஒரு பக்கமும் தட்டு ஒரு பக்கமும் இழுக்கும். எட்டு எண்ணி ஆடுபவரின் காலும் தப்பும். இரண்டிரண்டு பாராகவே வெட்டுங்கள்.

பேஸை ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் போட்டால் மார்ச் இசையாகிவிடும். இரண்டாம் அடிக்குப் பிந்திய அரையடியிலும் நான்காம் அடியிலும் விழட்டும்.

இலங்கையின் ஆட்டப்பாட்டான பைலாவைக் கலக்கும் ஆசை நியாயமானதே. ஆனால் அதன் வேர் போர்த்துக்கேயரோடும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான காஃபிர் மக்களோடும் வந்தது, சல்சாவைப் போலக் கியூபாவிலிருந்து அல்ல, நடையும் 6/8, அதாவது பாருக்கு மூன்று மூன்றாக ஆறு தட்டு. சல்சாவின் 4/4 மேல் அப்படியே ஏற்றினால் இரண்டும் குழம்பும். பைலாவுக்கு மாறுவதற்கு முந்திய இரண்டு பாரில், பாருக்கு ஆறு சமத் தட்டாகக் கொங்கா என்ற கைமுரசை 'தகிட தகிட' என்று வாசிக்கவிடுங்கள். அந்தப் பாரின் நீளமே அடுத்து வரும் பைலா பாரின் நீளம்.