எவ்வளவு கதிர், எந்த உறுப்பில், எந்த வயதில்?

வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுப்பது 400 நெஞ்சு எக்ஸ்-ரே எடுப்பதற்குச் சமம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கணக்கு பிழையில்லை. நெஞ்சு எக்ஸ்-ரே ஒன்றுக்கு ஏறத்தாழ 0.02 மில்லிசீவேர்ட் (கதிரால் உடலுக்கு வரும் தீங்கை மதிப்பிடும் அலகு), வயிற்று சி.டி.க்கு 8 என்று வைத்தால் வகுத்து வருவது 400தான். ஆனால் அதைக் கேட்டவருக்கு அபாயம் எவ்வளவு என்பது இன்னும் தெரியாது. நெஞ்சு எக்ஸ்-ரேயின் அளவு மிகச் சிறியது. அதை அளவுகோலாக்கினால் எல்லாமே பூதமாகத் தெரியும். மண், காற்று, வானம், உணவு எல்லாவற்றிலிருந்தும் மனிதருக்குச் சேரும் இயற்கைக் கதிர்வீச்சு உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேர்ட். அதன்படி அந்த 8, மூன்று ஆண்டும் சில மாதமும். இதுவும் ஒப்பீடுதான், அபாயக் கணக்கு இல்லை.

முதலில் எந்த ஸ்கேன் என்று பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் இங்கே பேசும் அயனாக்கும் (அணுவிலிருந்து இலத்திரனைப் பிரிக்கவல்ல) கதிர்வீச்சைப் பயன்படுத்துவதில்லை. அவற்றைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

தீங்கு இரண்டு வகை. இனி வரும் கிரே என்பது உடலில் படியும் கதிரின் சக்தியை அளக்கும் அலகு. எக்ஸ்-கதிர் முழு உடலிலும் சமமாகப் பட்டால் மில்லிகிரேயும் மில்லிசீவேர்ட்டும் ஒரே எண். ஒன்றுக்கு வாசல் அளவு உண்டு: தோல் சிவக்க ஏறத்தாழ 2 கிரே, கண்வில்லையில் புரை வர 0.5 கிரே, முழு உடலும் ஒரே நேரத்தில் நோய்ப்பட 1 கிரே அளவில் வேண்டும். வாசலுக்குக் கீழே அது நடக்காது. மற்றது புற்றுநோய். அதற்கு வாசல் இல்லை என்று வைத்துக்கொண்டு, அளவு கூடக்கூட வாய்ப்பும் நேர்கோட்டில் கூடும் என்றே பாதுகாப்புக் கணக்குகள் போடப்படுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்கு 2 கிரே வீதம் 25 தடவை, மொத்தம் 50 கிரே கொடுப்பது வழமையான ஒரு சிகிச்சை முறை. அதில் பத்திலொரு பங்கு முழு உடலிலும் ஒரே முறையில் பட்டால், சிகிச்சை இல்லாதவிடத்து பாதிப் பேருக்கு மேல் பிழைக்க மாட்டார்கள். எங்கே பட்டது, எத்தனை தவணையில் பட்டது என்று சொல்லாமல் வெறும் எண்ணைச் சொன்னால் பிரயோசனமில்லை.

சி.டி. எடுத்தவர்கள் படங்களோடு வரும் டோஸ் ரிப்போர்ட் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தனித் தாளாகத் தராவிட்டாலும் படங்கள் பதிந்து தரும் தட்டில் பெரும்பாலும் கடைசிப் படமாக இருக்கும். அதில் இரண்டு எண் முக்கியம். சி.டி.டி.ஐ. என்பது இயந்திரம் தரும் கதிரின் செறிவு, மில்லிகிரேயில் இருக்கும். டி.எல்.பி. என்பது அதை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கியது, மில்லிகிரே-சென்ரிமீற்றரில் இருக்கும். நமக்குத் தேவை டி.எல்.பி. வளர்ந்தவருக்குத் தலை என்றால் அதை 0.0021ஆல் பெருக்குங்கள், கழுத்து 0.0059, நெஞ்சு 0.014, வயிறும் இடுப்பும் 0.015. வருவது மில்லிசீவேர்ட். தலைக்கு 950 என்று இருந்தால் 2 மில்லிசீவேர்ட். வயிற்றுக்கு, மருந்து ஏற்றி மூன்று தடவை ஓட்டி 1,200 என்று வந்தால் 18.

பிழை வரும் இடங்கள் சில உண்டு. விபத்தில் வந்தவருக்குத் தலை, நெஞ்சு, வயிறு எல்லாம் ஒன்றாக எடுத்திருந்தால் அடியில் உள்ள மொத்தத்தை ஒரே காரணியால் பெருக்கக் கூடாது. வரிவரியாகப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காரணியே வேறு. ஒரு வயதுப் பிள்ளையின் தலைக்கு 0.0067, ஐந்து வயதுக்கு 0.0040, பத்து வயதுக்கு 0.0032. ஒரு வயதுப் பிள்ளைக்கு டி.எல்.பி. 300 என்றால் 2 மில்லிசீவேர்ட். வளர்ந்தவரின் காரணியைப் போட்டால் 0.63 என்று மூன்றிலொன்றாகக் குறைந்து தெரியும்.

அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று. இயந்திரம் காட்டும் எண் நோயாளியின் உடலில் அளந்தது இல்லை. தலைக்கு 16 சென்ரிமீற்றர், உடலுக்கு 32 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளை ஒன்றில் அளந்த அளவு அது. பிள்ளைகளின் வயிறு, நெஞ்சுக்கான காரணிகள் 16 சென்ரிமீற்றர் உருளைக்கென்று கணித்தவை. பல இயந்திரங்களோ பிள்ளைக்கும் 32 உருளையின் எண்ணைத்தான் காட்டும். ரிப்போர்ட்டில் 32 என்று இருந்தால் டி.எல்.பி.யை ஏறத்தாழ இரண்டால் பெருக்கிவிட்டுத்தான் காரணியைப் போட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் வயிற்றுக்கு 100 என்று காட்டினால் அது 200 ஆகி, 0.020ஆல் பெருக்க 4 மில்லிசீவேர்ட். இதே காரணத்தால் மெலிந்த ஆளுக்கும் காட்டும் எண்ணைவிட உறுப்புகளில் படுவது கூட. இத்தனையும் கவனித்த பிறகும், நூற்றுக்கு நாற்பது அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகலாம். தசமத்துக்குப் பின்னால் மூன்று இலக்கம் எழுதுபவரை நான் நம்புவதில்லை.

இனி அபாயம். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2007இல் தந்த எண், ஒரு சீவேர்ட்டுக்கு நூற்றுக்கு 5.5. 18 மில்லிசீவேர்ட் என்றால் ஆயிரத்தில் ஒருவர். ஆனால் இது எல்லா வயதினரும் ஆண் பெண்ணும் கலந்த சனத்தொகைக்கான எண். உங்கள் மகளுக்கோ தாத்தாவுக்கோ அப்படியே பொருத்தக் கூடாது. அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் 2006ஆம் ஆண்டு அட்டவணை வயதையும் பாலையும் பிரித்துத் தருகிறது. 100 மில்லிகிரே முழு உடலிலும் பட்டால் வாழ்நாளில் மேலதிகமாகப் புற்றுநோய் வருவோர், ஓர் இலட்சம் பேரில்: 10 வயதுப் பெண்பிள்ளைகளில் 2,611, ஆண்பிள்ளைகளில் 1,445, 30 வயதுப் பெண்களில் 1,065, 60 வயது ஆண்களில் 489. அதே 18ஐ இதில் வைத்தால் 60 வயதுக்காரருக்கு 1,100இல் ஒன்று, 10 வயதுப் பெண்பிள்ளைக்கு 210இல் ஒன்று. இடைவெளி ஐந்து மடங்கு. கதிர் படும் உறுப்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதும், நோய் வெளிப்பட இன்னும் பல ஆண்டு மிச்சமிருப்பதும் காரணம். இரத்தப் புற்றுநோய் இரண்டு ஆண்டிலிருந்து தலைகாட்டலாம். கட்டியாக வருபவற்றுக்குப் பத்து ஆண்டும் அதற்கு மேலும் செல்லும். எழுபத்தைந்து வயதுக்காரரின் குடல் அடைப்பைப் பார்க்க சி.டி. வேண்டும் என்றால் கதிர்வீச்சைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கதிரே படாவிட்டாலும் அந்த அட்டவணையின் அமெரிக்க மக்களில் 100க்கு 42 பேருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும். அதன்மேல் ஆயிரத்தில் ஒன்றைக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. இயற்கைக் கதிர்வீச்சு கூடிய கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியான ஆய்வில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மூன்று நாடுகளின் அணுசக்தித் தொழிலாளர் மூன்று இலட்சம் பேரைப் பார்த்த 2023 ஆய்வில் கூடியது தெரிந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் காட்டி வாதிடுபவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவேர்ட் என்ற எல்லையை நோயாளிக்குப் போட்டுப் பார்த்து ‘எல்லை மீறிவிட்டது’ என்பதும் பிழை. அந்த எல்லை மருத்துவத்துக்காகப் படும் கதிருக்குப் பொருந்தாது.

கர்ப்பம் தெரியாமல் எக்ஸ்-ரே எடுத்துவிட்டு “டொக்டர், புள்ளைக்கு ஏதும் வருமா?” என்று அழுபவர்களுக்கு எண்ணைத்தான் சொல்ல வேண்டும். நெஞ்சு எக்ஸ்-ரேயில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு, வயிற்று எக்ஸ்-ரேயில் ஏறத்தாழ 1.4, வயிற்று சி.டி.யில் 8, இடுப்பு சி.டி.யில் 25, மோசமான நிலையில் 79 வரை போகலாம். 100 மில்லிகிரேக்குக் கீழே கருவைக் கலைக்கக் கதிர்வீச்சு ஒரு காரணமாகாது. 10 மில்லிகிரே பட்டால் சிறுவயதில் புற்றுநோய் வரும் மேலதிக வாய்ப்பு 1,700இல் ஒன்று. மூளைக்கு ஆபத்தான காலம் 8 முதல் 15 வாரம். அதுவும் 100ஐத் தாண்டும் அளவுகளில்தான்.

மண்ணைப் பற்றி ஒன்று. இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரை, திருக்கோவில் பக்கம் இல்மனைற் என்ற கனிமத்தின் அகழ்வு என்ற பேச்சு வந்தபோதெல்லாம் ‘கறுப்பு மண்ணில் கதிர்வீச்சு’ என்ற பேச்சும் கூடவே வந்தது. நிறம் ஏமாற்றும். கறுப்பாகத் தெரியும் இல்மனைற் இரும்பும் தைற்றேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு, கதிரைத் தருவது அதுவல்ல. அதே மண்ணில் கலந்திருக்கும் தேன்நிறமான மொனசைற் என்ற கனிமத்தில் உள்ள தோரியம்தான் தருகிறது. தோரியம் இந்தத் தீவுக்குப் புதிதுமில்லை: தோரியனைற் என்ற கனிமத்தை 1904இல் இங்கே கண்டெடுத்தவர், அப்போது இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த ஆனந்த குமாரசுவாமி.

கதிரை எண்ணும் கைகர் மீற்றரைக் கொண்டுபோய் அளப்பவர்கள் மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள். மீற்றரை மண்ணோடு ஒட்டி வைத்தால், ஊடுருவும் காமாவோடு தொலைவு போகாத பீட்டாக் கதிரும் சேர்ந்து எண் ஏறும். கருவியின் சன்னலை மூடி, நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் பல நிமிடம் வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். பின்னணியை, அதாவது ஊரில் எங்கும் உள்ள இயற்கைக் கதிரை, கழிப்பதில்லை என்பது அடுத்தது. கடைசியாக, வந்த எண்ணை ஆண்டின் 8,760 மணித்தியாலத்தாலும் பெருக்குவது. உதாரணத்துக்கு, மணித்தியாலத்துக்கு மண்ணோடு ஒட்டி 1.0 மைக்ரோசீவேர்ட், ஒரு மீற்றர் உயரத்தில் 0.6, ஊருக்குள் 0.1 என்று வைப்போம். முதல் எண்ணை ஆண்டு முழுக்கப் பெருக்கினால் 8.8 மில்லிசீவேர்ட். கரைவலை இழுப்பவர் நாளுக்கு 4 மணித்தியாலம், ஆண்டுக்கு 250 நாள் அங்கே நின்றால், பின்னணியைக் கழித்து வரும் 0.5ஐ 1,000ஆல் பெருக்க 0.5 மில்லிசீவேர்ட்தான். முப்பது ஆண்டுக்கு 15. அபாயம் 1,200இல் ஒன்று.

இந்தக் கணக்கு வெளியிலிருந்து படும் காமாவுக்கு மட்டும். காய்ந்த மண்ணைச் சலித்துப் பிரிக்கும் தொழிலில் தூசு நுரையீரலுக்குள் போனால் அங்கே படுவது அல்பாக் கதிர், அதன் அளவை 20ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். அங்கே கைகர் மீற்றர் உதவாது. காற்றை வடிதாள் வழியாக இழுத்து, அதில் படியும் தூசை அளக்க வேண்டும். மண் மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பதென்றால் உலர்த்திச் சலித்து, காற்றுப் போகாத பாத்திரத்தில் அடைத்து நான்கு வாரம் வைத்த பிறகே கதிரை எண்ணச் சொல்லுங்கள். மண்ணிலுள்ள றேடியத்திலிருந்து வரும் வாயுவான றேடனின் அரைவாழ்வு 3.8 நாள், அது உள்ளே நிரம்பிச் சமநிலைக்கு வருமுன் எண்ணினால் றேடியத்தின் அளவு குறைத்துத்தான் வரும்.