வில்கின்சன் டிவைடரை மூன்று போர்ட் உறுப்பாக்கி க்யூக்ஸில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் 145 மெகாஹெர்ட்ஸுக்கான இரண்டு யாகி ஆன்டெனாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, இரண்டையும் ஒரே டிரான்ஸ்சீவரில் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோவில்) சேர்க்க, ஆற்றலை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் ஒரு வில்கின்சன் டிவைடர் கட்டியிருக்கிறேன். அதைக் கேள்விப்பட்ட தென்காசி ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர் கேட்ட முதல் கேள்வியே, "ஆனி ஆடிக் காத்துல ஒரு கேபிள் பிடுங்கிட்டுப் போச்சுன்னா, மத்த ஆன்டெனாவாவது பேசுமா வே?" என்பதுதான். செங்கோட்டைக் கணவாய்க் காற்றைத் தெரிந்தவர் கேட்கும் நியாயமான கேள்வி அது. வாய்ப்பாட்டிலிருந்து பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கட்டிய டிவைடரையே அளந்து, அந்த அளவுகளை ஒரு மூன்று போர்ட் (இணைப்பு வாய்) உறுப்பாக, சுற்றுகளைச் சிமுலேட் செய்யும் க்யூக்ஸ் மென்பொருளுக்குள் வைத்துப் பதில் தேட விரும்பினேன்.

எல்லாப் போர்ட்டிலும் பொருத்தம் (அலை திரும்பி வராமை), உள்ளே இழப்பின்மை, இரு திசையிலும் ஒரே கடத்தல் ஆகிய மூன்றும் ஒரு மூன்று போர்ட் வலையமைப்பில் ஒருசேர அமையவே முடியாது. எர்னஸ்ட் வில்கின்சன் 1960-இல் வெளியிட்ட அமைப்பு, ஆன்டெனாப் பக்கமுள்ள இரண்டு வெளிவாய்களுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரை வைத்து, தேவைப்படும்போது மட்டும் இழப்பை அனுமதிப்பதால் இந்தத் தடையைத் தாண்டுகிறது. 50 ஓம் அமைப்பில் அதற்கு 70.7 ஓம் கால் அலைநீளக் கம்பிகள் இரண்டும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வேண்டும். கடையில் கிடைப்பது 75 ஓம் கேபிள். அதை வைத்துக் கணக்கிட்டால் டிரான்ஸ்சீவர் பக்கமுள்ள உள்வாயில் 50-க்குப் பதில் 56.25 ஓம் தெரியும். எதிரொலிப்பு (திரும்பி வரும் அலை) மைனஸ் 24.6 டெசிபெல், வெளிவாய்களுக்கு இடையிலான தனிமை (ஒன்றின் அலை மற்றதில் கசியாத அளவு) ஏறத்தாழ 30.6 டெசிபெல். மாடி ஆன்டெனாவுக்கு இது தாராளம்.

கேபிள் டிவி வேலைக்கு வரும் ஆர்.ஜி.6-இன் மேல்வலை பெரும்பாலும் அலுமினியம். அதில் ஈயம் பிடிக்காது. எலக்ட்ரானிக்ஸ் கடை அண்ணாச்சியிடம் செம்பு வலை உள்ள ஆர்.ஜி.59 கேட்டு வாங்கினேன். உறையில் அச்சிட்டிருக்கும் பெயரை வைத்து வேகக் காரணியை (ஒளியோடு ஒப்பிட்டால் கேபிளில் அலை போகும் வேகத்தின் விகிதத்தை) நம்ப வேண்டியதில்லை. சற்று நீளமாக 36 சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையைத் திறந்தே விட்டு, நானோவிஎன்ஏ என்ற சிறிய அளவீட்டுக் கருவியில் மாட்டினால், அது கால் அலைநீளமாக இருக்கும் அதிர்வெண்ணில் ஷார்ட் ஆனதுபோலத் தெரியும். அந்தப் புள்ளி 145 மெகாஹெர்ட்ஸுக்கு வரும்வரை பிளேடால் மெல்லிய வளையங்களாகச் சீவிக்கொண்டே வந்தேன். 34 சென்டிமீட்டரை ஒட்டி நின்றது. இரண்டாவது துண்டை முதல் துண்டின் நீளத்தைப் பார்த்து வெட்டாமல், அதையும் தனியே அளந்தே வெட்டினேன்.

அடுத்தது அளவீடு. நானோவிஎன்ஏ ஒரு திசையில் மட்டும் அளக்கும் கருவி: முதல் வாயின் எதிரொலிப்பும், முதல் வாயிலிருந்து இரண்டாவதற்குப் போகும் கடத்தலும் கிடைக்கும், எதிர்த்திசை கிடைக்காது. மூன்று போர்ட்டுக்கோ எஸ்-பாராமீட்டர்கள் எனப்படும் ஒன்பது உறுப்புகள் கொண்ட அணி (மேட்ரிக்ஸ்) வேண்டும். எஸ்21 என்றால் 1-இல் நுழைந்து 2-இல் வெளிவரும் அலை, எஸ்11 என்றால் 1-இலேயே திரும்பும் அலை. உள்வாயை 1 என்றும் வெளிவாய்களை 2, 3 என்றும் கொள்வோம். இங்கே சுற்றிவருகிற வரிசை அழகாக உதவுகிறது. மூன்றாம் வாயை 50 ஓமால் மூடி 1-இலிருந்து 2-க்கு அளந்தால் எஸ்11, எஸ்21 கிடைக்கும். முதல் வாயை மூடி 2-இலிருந்து 3-க்கு அளந்தால் எஸ்22, எஸ்32 கிடைக்கும். இரண்டாம் வாயை மூடி 3-இலிருந்து 1-க்கு அளந்தால் எஸ்33, எஸ்13. மூன்று எதிரொலிப்பும் மூன்று கடத்தலும் வந்துவிட்டன. ஒரு திசையில் மட்டும் கடத்தும் ஃபெரைட் சர்குலேட்டரோ பெருக்கியோ உள்ளே இல்லாததால் எதிர்த்திசைக் கடத்தல்களும் இவையே. ஆனாலும் தலைகீழ்ச் சுற்றையும் ஒருமுறை எடுத்து வைப்பது நல்லது. அவ்வாறு எடுத்தால் எஸ்12-உம் எஸ்21-உம் ஒன்றாக இருக்கின்றனவா என்று நேரிலேயே பார்க்கலாம், ஒவ்வொரு எதிரொலிப்பும் இரண்டு முறை கிடைக்கும், அவை வேறுபட்டால் மூடும் ரெசிஸ்டரோ கருவியின் இரண்டாம் வாயோ சரியான 50 ஓம் இல்லை என்று தெரிந்துவிடும். இரண்டாம் வாயின் குறையை இந்தக் கருவி திருத்திக்கொள்வதில்லை. ஆகவே அங்கே அலையைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டென்யுவேட்டர் ஒன்றை நிரந்தரமாக மாட்டி, அதோடு சேர்த்தே காலிபிரேஷன் செய்தேன். அந்த வாயின் எதிரொலிப்பு இதனால் 20 டெசிபெல் குறைகிறது.

துண்டு துண்டாக வந்த அளவுகளைப் பைத்தானில் ஸைகிட்-ஆர்.எஃப் நூலகத்தின் துணையோடு ஒரே அணியாக்கி, டச்ஸ்டோன் கோப்பாக (எஸ்-பாராமீட்டர்களுக்கான உரைக் கோப்பாக) எழுதினேன். கையால் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு போர்ட் கோப்பில் எண்கள் எஸ்11, எஸ்21, எஸ்12, எஸ்22 என்ற வரிசையில் வரும். மூன்று போர்ட் முதல் வரிசை மாறி, எஸ்11, எஸ்12, எஸ்13 என்று அணியின் ஒவ்வொரு கிடைவரியாகப் போகும். டிவைடர் சமச்சீரானது என்பதால் வரிசை பிசகினாலும் வரைபடம் சரிபோலவே தோன்றும். அந்தப் பிசகு பெருக்கியைச் சேர்க்கும் நாளில்தான் வெளிப்படும். தலைப்பு வரியில் அதிர்வெண் அலகைக் குறிக்காவிட்டால் மென்பொருள் அதை கிகாஹெர்ட்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கோப்பை மென்பொருளுக்குக் கொடுப்பதற்குமுன் அது தானாக ஆற்றலை உண்டாக்காத பெட்டிதானா என்று சோதித்தேன். அணியின் சிங்குலர் மதிப்புகள் (நுழையும் அலையை அணி எத்தனை மடங்காக்கும் என்று சொல்லும் எண்கள்) எதுவும் 1-ஐத் தாண்டக்கூடாது. குறைபாடற்ற வில்கின்சனுக்கு அவை 1, 1, 0 என்று வரும். பூஜ்யம் என்பது, இரண்டு வெளிவாய்களிலும் எதிரெதிர்க் கட்டத்தில் நுழையும் அலை முழுவதும் ரெசிஸ்டரில் தீர்ந்துபோவதைக் குறிக்கிறது. மற்ற இரண்டும் சரியாக 1-இலேயே நிற்பதுதான் இடைஞ்சல். அளவீட்டில் சிறு இரைச்சல் இருந்தாலே 1-ஐத் தாண்டிவிடும். என் கோப்பிலும் ஒருசில அதிர்வெண்களில் 1.003 என்று வந்தது. அந்தப் புள்ளிகளில் மட்டும் அணியை இலேசாகச் சுருக்கினேன். எதிரொலிப்பும் கடத்தலும் மட்டும் பார்க்கிற சிமுலேஷனுக்கு இது அவசியமில்லைதான். ஆயினும் இதே கோப்பை நாளை ஒரு பெருக்கிச் சுற்றில் வைத்தால் இல்லாத அலைவைக் காட்டக்கூடும் என்பதால் இப்போதே செய்துவிட்டேன்.

க்யூக்ஸில் எஸ்-பாராமீட்டர் கோப்பு உறுப்பை எடுத்து, போர்ட் எண்ணிக்கையை 3 ஆக்கினால், மூன்று முனைகளோடு நான்காவதாக ஒரு குறிப்பு முனையும் தோன்றும். அதைத் தரையில் இணைத்தாக வேண்டும். முதலில் மூன்று வாய்களிலும் 50 ஓம் மூலங்களை வைத்து, அளந்த எண்கள் அப்படியே திரும்பி வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டு, பிறகு மூன்றாம் வாயைத் திறந்து விட்டேன்.

பாளையங்கால்வாயில் ஒரு மடையை அடைத்தால் அடுத்த மடையில் நீர் ஏறும். வில்கின்சனில் அப்படி நடப்பதில்லை. குறைபாடற்ற டிவைடரில் 10 வாட் கொடுத்து ஒரு வாயைத் திறந்தால், நல்ல ஆன்டெனாவுக்கு முன்பு போன அதே 5 வாட்தான் போகும், மீதியில் 2.5 வாட் டிரான்ஸ்சீவருக்குத் திரும்பும், 2.5 வாட் ரெசிஸ்டரில் சூடாகும், எஸ்.டபிள்யூ.ஆர் (நிலையலை விகிதம், எதுவும் திரும்பாவிட்டால் 1) 3 என்று நிற்கும். 75 ஓம் கேபிளுக்குக் கணக்குச் சற்று மாறுகிறது. டிவைடரின் வாயிலேயே திறந்திருந்தால் எஸ்.டபிள்யூ.ஆர் ஏறத்தாழ 2.7, நல்ல ஆன்டெனாவுக்குக் கால் டெசிபெல் கூடுதலாகவே போகிறது. கால் அலைநீளம் தள்ளிக் கேபிள் அறுந்திருந்தால் எஸ்.டபிள்யூ.ஆர் 3.4 வரை ஏறுகிறது. அளந்த கோப்பை வைத்து ஓட்டியபோது, வாயிலேயே திறந்த நிலைக்கு 2.6 வந்தது. மாடிக்குப் போய் மேல் ஆன்டெனாவின் கனெக்டரை டிவைடரின் வாயிலேயே கழற்றி, கீழே மீட்டரில் பார்த்தபோதும் ஊசி அதை ஒட்டியே நின்றது. மாதிரியும் மாடியும் ஒத்துப்போவதைக் கண்ட அந்தச் சாயங்காலம் எனக்கு மிகுந்த நிறைவாக இருந்தது.

ஆகவே தென்காசி நண்பருக்கு என் பதில்: மற்ற ஆன்டெனா பேசும், ஆனால் ரெசிஸ்டர் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். முதலில் போட்டிருந்த கால் வாட் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, 3 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டரைக் கால்களை மிகக் குட்டையாக வெட்டிப் போட்டிருக்கிறேன். வயர் சுற்றிய ரெசிஸ்டர் இந்த இடத்துக்கு ஆகாது, அதன் சுருளே இன்டக்டராகிவிடும். மாற்றிய பிறகு தனிமை 26 டெசிபெலை ஒட்டி இருக்கிறது. புதிய கோப்பையும் எடுத்தாயிற்று. அடுத்து நான்கு போர்ட் பிராஞ்ச்-லைன் ஹைப்ரிட் என்ற மற்றொரு வகை டிவைடர். அதில் ஒரே சுற்றில் எல்லாம் கிடைக்காது. ஆறு ஜோடிகளை அளக்க வேண்டும், ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு வாய்களை மூட வேண்டும். அதற்காக 100 ஓம் எஸ்.எம்.டி ரெசிஸ்டர்களை இரண்டிரண்டாக இணைத்து மேலும் ஒரு 50 ஓம் மூடியைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறேன்.