அம்மையப்பன் காலடித் தீர்த்தம்

திருச்செங்கோட்டு மலைக்குப் படி வழியாக ஏறி வருவதாக வேண்டியிருந்தேன். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மிஷினோடு இணைப்பதற்காக, என் மனைவிக்குக் கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்து இரண்டாவது முறை போட்ட ஃபிஸ்டுலா நல்லபடியாகப் பிடிக்க வேண்டும், அதுவரைக்கும் அதே வேலைக்காகக் கழுத்தில் தொங்கும் டியூபை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். மலை மேல் இருக்கும் அர்த்தநாரீசுவரர், எங்கள் அம்மையப்பன், கொடுத்துவிட்டார். டியூபை எடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம். அவளுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஞாயிறன்று அலுப்பு இருக்கும், ஆனால் மூச்சு வாங்காது.

எங்களுக்குப் பள்ளிபாளையம். வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. ரத்தக் கொதிப்பு உள்ளுக்குள்ளேயே சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. கால் வீங்கி, வாந்தி நிற்காமல் போனபோதுதான் இரண்டும் செயலிழந்துவிட்டன என்றார்கள். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் காவிரிப் பாலம் தாண்டி ஈரோடு. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் மிஷின். தறியை யார் பார்ப்பது? பக்கத்துப் பட்டறைக்காரர் எங்களுக்குச் சொந்தம்கூடக் கிடையாது. "நீங்க அம்மிணியப் பாருங்க, தறியை நான் பாத்துக்கறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். இன்னொரு நண்பர் தன் ஆம்னி வேனில் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார், பெட்ரோல் காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார். காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் நடந்தாலும் ஊசி, மருந்து, பரிசோதனை என்று கைக்காசு போய்க்கொண்டே இருந்தது. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்த பள்ளிக்கூடத் தோழன் கேட்காமலேயே பணம் அனுப்பினான்.

முதலில் போட்ட ஃபிஸ்டுலா சீக்கிரமே அடைத்துக்கொண்டது. விரல் வைத்தால் தெரிய வேண்டிய அதிர்வு ஒருநாள் காலையில் நின்றுபோயிருந்தது. மறுபடியும் கழுத்தில் டியூப். அந்த டியூபில் கிருமி சேர்ந்து, மிஷினில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே குளிர் காய்ச்சல் வந்துவிட்டது. கட்டிலே ஆடும் அளவுக்கு நடுங்கினாள். போர்வை மேல் போர்வை போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டது. அன்றைக்கு ராத்திரி வேன் நண்பரின் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து திருநீலகண்டப் பதிகம் படித்துக்கொண்டே இருந்தார். ஞானசம்பந்தப் பெருமான் நம் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது அடியார்களைப் பனிக்காய்ச்சல் பிடித்து, அதைத் தீர்க்கப் பாடியதல்லவா அது! அந்த மலையின் அடிவாரத்து மனுசங்களான எங்களுக்கு வேறு எந்தப் பாட்டு துணை வரும்? விடியும்போது காய்ச்சல் இறங்கியது. ஊசி மருந்தும் வேலை செய்தது, பதிகமும் வேலை செய்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "டயாலிசிஸை நிறுத்திட்டுப் பச்சிலை சாப்பிடுங்க, சாமி பாத்துக்கும்" என்று வீடு தேடி வந்து சொன்னவர்கள் உண்டு. பதிகத்தின் முதல் பாட்டிலேயே "உய்வினை நாடா திருப்பதும் உந்தமக் கூனமன்றே" என்று சம்பந்தர் கேட்கிறார். பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது குறை என்று சொல்கிற பாட்டு அது. நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போய் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஒரு கிட்னி கொடுத்துவிடலாம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து, முடியாது என்றுவிட்டார்கள். அன்றைக்கு உடைந்தது போல நான் என்றைக்கும் உடைந்ததில்லை. வேன் நண்பர் தன் கிட்னியைத் தருவதாகச் சொன்னார். சொந்தமல்லாதவர் தருவதென்றால் அனுமதிக் குழுவுக்குப் போக வேண்டும், அதற்கும் தயார் என்றார். இவள்தான் மறுத்தாள். "அவுங்க கொழந்தைக சின்னதுங்க, அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க." இப்போது அரசின் உறுப்பு மாற்றுப் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருக்கிறோம்.

சரி, மலைக்கு வருகிறேன். விடியற்காலையில் ஏற ஆரம்பித்தோம். பட்டறைக்காரரும் ரிக் தோழனும் என்னோடு படியில். வேனில் அவளும் மற்றவர்களும் ரோடு வழியாக மேலே. 1200 படிக்கு மேல். பாறையில் படமெடுத்து நிற்கும் நாகருக்கு மஞ்சளும் குங்குமமும் போட்டுவிட்டு மேலே போனோம். சத்தியம் செய்து கும்பிடும் அறுபதாம் படியில் ரிக் தோழன் சூடம் ஏற்றி விழுந்து கும்பிட்டவன், நெடுநேரம் எழுந்திருக்கவே இல்லை. என்ன வேண்டினான் என்று நான் கேட்கவில்லை.

மேலே நல்ல கூட்டம். முகூர்த்த நாள் வேறு. வேனை விட்டு இறங்கினதுமே ஒருத்தன் வந்து, "வரிசையே இல்லாம உள்ள உட்டர்றேன், அம்மாவுக்கு முடியலை போல" என்று அவள் கழுத்துக் கட்டைக் காட்டிப் பேரம் பேசினானாம். முடியாதவளைப் பார்த்தால் உதவத் தோன்ற வேண்டும், ஐந்நூறு கேட்கவா தோன்றும்? இதெல்லாம் ஒழிய வேண்டும். வரிசையிலேயே நின்றோம். முன்னால் நின்ற மல்லசமுத்திரத்துக் குடும்பம் விவரம் கேட்டுவிட்டு, "அக்கா, முன்னால போங்க" என்று வழி விட்டது. அவர்களைப் பார்த்து இன்னும் நாலு குடும்பம் ஒதுங்கியது.

சந்நிதிக்கு வந்துவிட்டோம். வேட்டி பாதி, சேலை பாதியாக அம்மையப்பன் நிற்கிறார். உடம்பில் பாதியைக் கொடுத்த சாமி முன்னால், ஒரு கிட்னி கொடுக்கக்கூடக் கொடுப்பினை இல்லாதவன் நிற்கிறேன். அதைத்தான் கேட்க வேண்டும் என்று படியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். ஏன் சாமி எனக்கு மட்டும் கொடுக்கவில்லை என்று. வாய் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவளுக்கு ஒரு பக்கம் பட்டறைக்காரர் சம்சாரம், மறுபக்கம் வேன் நண்பரின் அம்மா, ரெண்டு பேரும் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். குருக்கள் காலடித் தீர்த்தத்தோடு வந்தார்.

அவளுக்கு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. கஞ்சி, காப்பி, மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் அதில் அடக்கம். இளநீர் கூடாது, பழம் கூடாது, காயை வேக வைத்து வடித்துத்தான் சமைக்கிறேன். நாக்கு வறண்டு கிடந்தாலும் ஐஸ் துண்டு ஒன்றுதான். நான் சைகையால் கொஞ்சம் போதும் என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். குருக்கள் ஊற்ற ஊற்ற ஏந்திக்கொண்டாள், சொட்டுக்கூட சிந்தாமல் குடித்தாள், ஈரக் கையைக் கண்ணில் ஒற்றித் தலையில் தடவிக்கொண்டாள். அப்புறம் என் காதருகில், "இதுக்குத்தானுங்க காலையில காப்பி வேண்டாம்னேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள்கூட நகரச் சொல்லவில்லை.

செங்கோட்டு வேலவரைக் கும்பிட்டோமா, பிரகாரம் சுற்றினோமா, எது முன் எது பின் என்று எதுவும் சரியாக நினைவில்லை. யார் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டே நடந்தேன். நரம்பு கிடைக்காமல் தவித்தபோது தானும் கண் கலங்கிய நர்ஸ் பொண்ணுக்கு, ராத்திரி தறி ஓட்டிவிட்டுப் பகலில் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர்களுக்கு, மல்லசமுத்திரத்துக் குடும்பத்துக்கு. அம்மையப்பா, இத்தனை பேரை அனுப்பினது நீதானே.

வைகாசி விசாகத் தேருக்கு அவளைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறோம். தேர் கீழே ஊருக்குள்தான் ஓடும், மலை ஏற வேண்டியதில்லை. ஃபிஸ்டுலா போட்ட கையால் வடம் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "இன்னொரு கை இருக்குதுங்கல்ல" என்கிறாள்.